ஏழாவது பாட்டின் கைதட்டல்

இதை நான் தப்பாகத்தான் சொல்லப்போகிறேன். எதையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. எட்டாம் வகுப்பில் டீச்சர் எழுப்பிவிட்டுக் கதை சொல்லச் சொன்னால் என் கதையில் ராஜா செத்துப்போன பிறகு அவனுக்குக் கல்யாணம் நடக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள், அந்த வருஷத்தோடு என் படிப்பும் நின்றது. இப்போது பிரின்சி வந்துவிடுவாள். வாசலிலேயே அவளை நிறுத்தி, என் வீட்டுக்காரர் காதில் விழாமல், மக்களே, அந்தக் கைதட்டலைப் பற்றி மட்டும் அங்கிள்கிட்ட ஒண்ணும் சொல்லிராத என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான், ஒரு வரி. அந்த ஒரு வரியைக் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் எங்கேயோ போய் முட்டுகிறது. எந்தக் கைதட்டல் ஆன்ட்டி என்று கேட்பாள். ஏன் ஆன்ட்டி என்று கேட்பாள். கேட்கும்போது அவள் முகத்தை நான் பார்க்க வேண்டிவரும். நான் வாயைத் திறக்காமல் இருந்தாலோ, அவளாகவே உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். கெட்ட பிள்ளை இல்லை. என் மகள் சுபிலாவோடு அயர்லாந்தில் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றவள், குலசேகரத்துப் பக்கத்துப் பிள்ளை. சுபிலா போன பிறகு அவள் உடுப்பையெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பினவளும் இவள்தான். இவள் வருகிறாள் என்றால் நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும். நான் என்னவென்றால் கேஸ் அடுப்பின் குமிழைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அணைந்திருக்கிறதா என்று. அணைந்துதான் இருக்கிறது.

அவர் சிடியைப் போட்டுவிட்டார். சாயங்காலச் சாயா குடித்துத் தம்ளரைக் கீழே வைத்ததும் போடுவார், அதற்கு ஞாயிறு திங்கள் கிடையாது. முதலில் பாட்டு வராது, ஜனங்கள்தான் வருவார்கள். நாற்காலி இழுக்கிற சத்தம், தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம், தகரக் கூரையில் மழை. ஒருத்தர் மைக்கில் என்னவோ சொல்ல எல்லோரும் சிரிக்கிறார்கள். அதன் பிறகுதான் பிடில் எடுக்கும். ஒரே ராத்திரியில் ஒரே ஹாலில் நடந்த கச்சேரியை அப்படியே பிடித்து சிடியாகப் போட்டிருக்கிறார்கள், கால்வேக்கு வெளியே ஒரு சின்ன ஊர், பள்ளிக்கூட ஹால். அந்த நாட்டுக்காரர்களின் பழைய பாட்டுகள். இங்கிலீஷ்கூட இல்லை பாதிக்கு மேல், அவர்களுடைய சொந்தப் பாஷை. பிடில் இருக்கிறது, மரப் புல்லாங்குழல் இருக்கிறது, ஆட்டுத்தோல் கட்டின அகலமான பறை ஒன்றைச் சின்னக் குச்சியால் தட்டுகிறார்கள், கைமடக்கில் துருத்தி வைத்து அமுக்கி ஊதுகிற குழல் ஒன்று இருக்கிறது. சுபிலாவும் பிரின்சியும் டிக்கெட் எடுத்துப் போன கச்சேரி இது. இரண்டு பேரும் கூட்டத்தில் இருந்தார்கள். சிடி வெளியே வந்தபோது ஒருத்தி மட்டும்தான் இருந்தாள், அவள் ஒன்று வாங்கி எங்களுக்கு அனுப்பினாள். அட்டையில் ஹாலின் போட்டோ இருக்கிறது, பின்னாலிருந்து எடுத்தது, வெள்ளைத் தலைகளுக்கும் செம்பட்டைத் தலைகளுக்கும் நடுவே கறுப்புத் தலை இரண்டு. ஒன்றை மட்டும் அவர் விரலால் தொடுவார். இது பிள்ள, என்பார். மற்றது யாரென்று சொல்ல மாட்டார், நானும் கேட்டதில்லை. முதல் பாட்டு ஓடுகிறது. நான் மரச்சீனிக் கிழங்கை மடியில் போட்டு உரித்துக்கொண்டிருக்கிறேன். கத்தி தோலுக்கு அடியில் போகாமல் மேலேயே வழுக்குகிறது. இன்றைக்குக் கை சரியில்லை.

அந்த சிடி வந்திராவிட்டால் அவர் இன்றைக்கு இருந்திருக்க மாட்டார், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதய ஆஸ்பத்திரியில் அவருக்கு இரண்டு தடவை பார்த்தார்கள், மருந்து தந்தார்கள். மருந்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அரசாங்க பஸ் ஓட்டினவர், ஊருக்கெல்லாம் வேதமணி டிரைவர், மார்த்தாண்டம் பாலத்து நெரிசலில் ஒரு ஹாரன் அடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போவார் என்று பெயர். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸில் முன்னால் உட்கார்ந்து, தம்பி குழி வருகு, தம்பி வேகத்தடை வருகு, மெதுவா ஏத்து, அவ கழுத்து ஆடாண்டாம் என்று நாகர்கோவில் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த டிரைவர் பையன் கடைசியில் அழுதுவிட்டான். அங்கே பனி விழுந்த ரோட்டில் கார் வழுக்கி மரத்தில் மோதிப் போன கழுத்துக்கு இங்கே களியக்காவிளைக் குழியில் என்ன ஆகிவிடும், ஆனால் அவருக்கு அப்படித்தான் இருந்தது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. அடக்கம் முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கஞ்சியை நான் ஊட்டினால் ஒரு வாய், இல்லையென்றால் அதுவும் இல்லை. போதகர் வந்து ஜெபித்தார், தங்கச்சி மகன் வந்து கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டான். எல்லோருக்கும் ஒரே பதில், சுவர். அப்புறம் தபாலில் அந்தச் சின்ன பார்சல் வந்தது. பிள்ளை முதல் சம்பளத்தில் வாங்கித்தந்த டிவிடி பிளேயர் துணி மூடிக் கிடந்ததை எடுத்து நான்தான் போட்டேன். ஏதாவது ஒரு சத்தம் வீட்டில் கேட்கட்டும் என்றுதான் போட்டேன். அவர் அசையவில்லை. பாட்டு பாட்டாகப் போனது. ஏழாவது பாட்டில் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

ஏழாவது பாட்டில் வாத்தியம் ஒன்றும் கிடையாது. நோரீன் என்று ஒரு கிழவி, தனியாகப் பாடுகிறாள். அந்த ஊரில் தனியாகப் பாடுகிறவர்களின் பக்கத்தில் இருக்கிறவர் ஒருத்தர் பாடுகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு, கயிறு திரிக்கிற ராட்டைச் சுற்றுகிற மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பாராம், பாட்டு கனமாக இருந்தால் விழுந்துவிடாமல் இருக்க. கேட்கிறவர்கள் பேச மாட்டார்கள், நடுவில் ஒருத்தர் தணிந்த குரலில் ஒரு வார்த்தை சொல்லித் தைரியம் கொடுப்பார், அவ்வளவுதான். இதெல்லாம் சுபிலா போனில் சொன்னது. இன்னொன்றும் சொன்னாள், பாட்டின் கடைசி வரியைப் பாட மாட்டார்கள், வெறுமே பேசுகிற மாதிரி சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள், நான் வாறேன் கேட்டீங்களா என்று சொல்லுகிற மாதிரி. கிழவி நோரீனும் அப்படித்தான். அழுகிறாளா பாடுகிறாளா என்று தெரியாமல் ஏறி இறங்கி வந்து, கடைசி வரிக்கு முன்னால் நிறுத்துகிறாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, இன்னும் ஒரு வார்த்தை இருக்கிறது என்று திரும்பி நிற்கிறவளைப் போல ஒரு நிறுத்தம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது தெரியும், மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு ஆள் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையைத் தட்டிவிடுகிறது. இரண்டு தட்டு. பிறகு ஐயோ என்று ஒரு சின்னச் சிரிப்பு, பாதியில் வாயைப் பொத்தின மாதிரி. ஹால் முழுக்க மெல்லச் சிரிக்கிறது, கிழவியும் சிரிக்கிறாள், அப்புறம் அந்தக் கடைசி வரியைச் சொல்லுகிறாள். வேறு யாராவது என்றால் அதை வெட்டி எடுத்திருப்பார்கள். இவர்கள் விட்டிருக்கிறார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து, ஏட்டி லீலா, அது பிள்ள, என்றார். கையைக் குவித்து இரண்டு தடவை தட்டிக் காட்டினார். உள்ளங்கைக்குள் காற்று நின்று மொத்தென்று ஒரு சத்தம். சண்டே ஸ்கூலில் அவ இப்படித்தான் தட்டுவா, நான் படிச்சுக் குடுத்ததுல்லா. திருப்பிப் போடு. திருப்பிப் போட்டேன். அன்றைக்கு அவர் தானாகக் கேட்டு வாங்கிச் சோறு தின்றார். நெத்திலிக் குழம்பு. இன்னும் கொஞ்சம் ஊத்து என்றார்.

இரண்டாவது பாட்டு. ஆண் குரல், கடலில் போனவர்களைப் பற்றியதாம். ஒரு ஆள் இருமுகிறான். இந்தா ஆரம்பிச்சிட்டான் என்று உள்ளேயிருந்து அவர் சத்தம். அந்த இருமல்காரனை அவருக்கு நன்றாகத் தெரியும். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் இருமுவான் என்று தெரியும். ஏட்டி, இவன் இன்னைக்கும் மருந்து குடிக்கல்ல பாத்தியா. நான், நீங்க குடிச்சீங்களா என்றேன். குடிச்சேன் குடிச்சேன், என்னைய அவனைப்போல நெனச்சியா. அப்புறம், வா வந்து இரி, என்னத்துக்கு அங்கேயே நிக்கிய என்றார். கிழங்கு இருக்கு, உரிச்சிட்டு வாறேன். கிழங்கு எங்க ஓடிப்போவுது என்றார். அவர் குரலில் ஒரு தெம்பு இருக்கிறது, அந்தத் தெம்பை நான் காது வைத்துக் கேட்டுக்கொள்கிறேன், கடையில் தேங்காயைத் தட்டிக் கேட்கிற மாதிரி. நன்றாக இருக்கிறது. இன்றைக்கு வரைக்கும் நன்றாக இருக்கிறது. வாசலில் ஏதோ வண்டி. எட்டிப் பார்த்தேன். பால்காரன். பிரின்சி காரில் வருவாளா ஆட்டோவில் வருவாளா என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த போனைச் சொல்ல வேண்டும். இங்கேதான் நான் தப்பாகச் சொல்லிவிடுவேன், ஏனென்றால் அன்றைக்கு நான் பாதிக் காதுதான் கொடுத்தேன். போனை உப்புச் சாடியில் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தேன், பூனை வேறு சுற்றிச் சுற்றி வந்தது. அம்மா கேக்கீங்களா என்றாள். கேக்கேன் சொல்லு. இந்தப் பிரின்சி நேத்து மானத்த வாங்கிட்டாம்மா. ஏன், என்ன செஞ்சா? கச்சேரியில ஒரு பாட்டி தனியாப் பாடிச்சு, கடைசி வரிக்கு முன்னாடி நிறுத்துச்சு, இவ முடிஞ்சுட்டுன்னு டப்பு டப்புன்னு தட்டிட்டாளாம், ஊரே திரும்பிப் பாத்துதாம். நீ சொல்லிக் குடுக்கப்பிடாதா என்றேன். நான் எங்கம்மா இருந்தேன், எனக்குக் காலைல டூட்டி, பாதியில எந்திச்சு வந்துட்டேன், அவ வந்து சொல்லித்தான் தெரியும். உடனே நான், ராத்திரி தனியாவா வந்த, அந்த மழையில தனியாவா காரை ஓட்டின என்று பிடித்துக்கொண்டேன். அவள் சலித்துக்கொண்டு, அம்மா இங்க மழைக்கு லீவே கிடையாது, மழை நிக்கட்டும்னு இருந்தா கல்யாணத்துக்குக்கூடப் போவ முடியாது என்றாள். அதன் பிறகு மீன் என்ன மீன் என்று கேட்டாள். சாளை என்றேன். ஹ்ம் என்றாள். அந்த ஹ்ம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. இல்லை, கேட்பதில்லை. ஹ்ம் என்றாள் என்பது தெரிகிறது, எப்படிச் சொன்னாள் என்பது போய்விட்டது.

அதுதான் விஷயம். அவள் குரல் என்னிடம் இல்லை. இருபத்தெட்டு வருஷம் என் காதில் விழுந்த குரல். யார் அதையெல்லாம் எடுத்து வைத்தார்கள், நாளைக்கும் கூப்பிடுவாள் என்றுதானே போனை வைத்தோம். அனுப்பின ஒன்றிரண்டு பேச்சும் பழைய போனோடு போயிற்று, கடைக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வராதுக்கா என்றான். கிறிஸ்மஸ் வீடியோ ஒன்று இருக்கிறது, எல்லோரும் சேர்ந்து பாடுகிறோம், அதில் அவள் வாய் அசைகிறது, சத்தம் எல்லோருடையதும். இந்த சிடியும் அப்படித்தான், நினைத்துப் பார்த்தால். முதல் நாலைந்து பாட்டு வரைக்கும் அவள் அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். நிஜமாகவே இருக்கிறாள். மற்றவர்கள் தட்டும்போது அவளும் தட்டுகிறாள், அந்த இரைச்சலில் ஒரு கை அவள் கை, எது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஏழாவது பாட்டில் கை தனியாகத் தெரிகிறது. அதில் அவள் இல்லை, காரில் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறாள். ஆகவே அவர் ஒரு மணி நேரம் காத்திருந்து காத்திருந்து, பிள்ளை எழுந்து போன இடத்தில் வந்து பிள்ளையைப் பார்க்கிறார். இதை எப்படி ஒருத்தரிடம் சொல்லுவது. அவர் தின்கிற சோறு அந்த இரண்டு தட்டில்தான் இறங்குகிறது. முதல் நாளே சொல்லியிருக்கலாம், அன்றைக்குக் குழம்பு கேட்டாரே, அதனால் சொல்லவில்லை. மறுநாள் சவரம் செய்துகொண்டார். அதற்கடுத்த நாள் கோயிலுக்கு வந்தார். ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட ஒரு காரணம் வந்துகொண்டே இருந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கடைக்குப் போகிற நேரம் பார்த்து நானும் அதைப் போட்டுக் கேட்கிறேன். நேராக ஏழாவதுக்குப் போய்விடுவேன். கிழவி நிறுத்துவாள், தட்டு வரும், அந்தப் பாதிச் சிரிப்பு வரும், நான் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். அந்த போன் ஒருவேளை வேறு கச்சேரியைப் பற்றியதாக இருக்கலாம். அவர்கள் மாசத்துக்கு ஒன்று போனார்கள். பிரின்சி ஒரு ஊரில் தட்டியிருந்தால் சுபிலா இன்னொரு ஊரில் தட்டியிருக்க மாட்டாளா, இரண்டு பேரும் ஒரே சபைக்காரிகள்தானே, நம் ஆட்களுக்குப் பாட்டு நின்றால் கை தானாகச் சேருமே. நான் மீனைப் பார்த்தேனா பூனையைப் பார்த்தேனா, சரியாகத்தான் கேட்டேன் என்று எப்படிச் சொல்ல. இப்படியெல்லாம் சொல்லிச் சொல்லி, இப்போது அந்தச் சிரிப்பு என் பிள்ளையின் சிரிப்பாகவே ஆகிவிட்டது. கண்ணை மூடினால் அவள் முகத்திலிருந்து அந்தச் சிரிப்புதான் வருகிறது. அவளுடைய சொந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று தேடினால் இதுதான் முன்னால் வந்து நிற்கிறது. இதையும் பிடுங்கிவிட்டால் அந்த இடத்தில் என்ன இருக்கும். சுவர் இருக்கும். அவர் ஒரு சுவரைப் பார்த்துப் படுத்தால் நான் எதிர்ச் சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டும்.

மூன்றாவது பாட்டு, துருத்திக் குழல். நேற்றைக்குப் பிரின்சி கூப்பிட்டபோதும் இந்தக் குழல்தான் ஓடிக்கொண்டிருந்தது, நான் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். ஆன்ட்டி, நான் ஊருக்கு வந்து ஒரு வாரமாச்சு, வீட்டுல ஒரே விசேஷம், வரவே முடியல்ல, மன்னிச்சிருங்க. நாளன்னைக்கு ஃப்ளைட். நாளைக்குச் சாயங்காலம் வந்து உங்களையும் அங்கிளையும் பாத்துட்டுப் போயிருதேன். சரி மக்களே என்றேன். அவளோட கம்பளிச் சட்டை ஒண்ணு எங்கிட்ட நின்னுபோச்சு ஆன்ட்டி, பச்ச கலரு, அவ எப்பவும் போட்டுட்டு இருப்பா. நான் தொவைக்கல்ல, அப்படியே வச்சிருக்கேன். கொண்டுவாறேன். அவள் மூக்கை உறிஞ்சினாள், அப்புறம் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்துக் குரலை மாற்றிக்கொண்டு, அந்த சிடி கேட்டீங்களா ஆன்ட்டி, அதுல ஒரு வேடிக்கை இருக்கு, நேர்ல வந்து சொல்லுதேன், சுபிலா அதச் சொல்லிச் சொல்லி என்னையக் கேலி பண்ணுவா என்றாள். ஆகட்டும் மக்களே என்றேன். வேறு என்ன சொல்ல. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். போனில் முகம் தெரியாது, சுலபமாக இருந்திருக்கும். ஆனால் வேடிக்கை என்று அவள் சொன்னவுடன் நான் கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் பிரின்சி வருகிறாள் என்றே சொல்லவில்லை. சொன்னால் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காருவார். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏழாவது பாட்டைப் போடுவார். தட்டு வரும்போது அவள் முகத்தைப் பார்ப்பார்.

நாலாவது பாட்டு தொடங்கிவிட்டது. உரித்த கிழங்கு தண்ணீரில் கிடக்கிறது, உரிக்காதது மடியில் கிடக்கிறது. பச்சைக் கம்பளிச் சட்டை. துவைக்காதது. கழுத்துப் பக்கம் அவள் வியர்வை இருக்கும், தலை எண்ணெய் இருக்கும். இங்கே பெட்டியில் வந்ததெல்லாம் அந்த ஊர் சோப்பு மணந்துகொண்டு வந்தது, பிரின்சி நல்லது என்று நினைத்துத் துவைத்து அனுப்பிவிட்டாள். ஒரு தடவை முகத்தை வைத்துப் பார்க்கலாம். அந்தச் சட்டையை மட்டும் கேட்டில் வாங்கிக்கொண்டு அவளை அனுப்பிவிட்டால் என்ன. எப்படி அனுப்ப, அவ்வளவு தூரம் வந்த பிள்ளையை, ஒரு சாயா கொடுக்காமல். அங்கிளுக்கு உடம்பு சரியில்லை என்றால் நர்ஸ் அவள், நான் பார்க்கிறேன் என்று உள்ளே வந்துவிடுவாள். சட்டையை வாங்க வேண்டுமென்றால் அவளை உள்ளே விட வேண்டும். அவளை உள்ளே விட்டால் வேடிக்கையும் உள்ளே வரும். இரண்டும் ஒரே பையில்தான் வருகிறது, ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை விட வழி இல்லை. ஒருவேளை நான் பயப்படுகிறது இல்லாமல் வேறு ஏதோ வேடிக்கையாக இருந்தால். அந்தத் தட்டு சுபிலாவுடையதுதான் ஆன்ட்டி என்று அவள் சொல்லிவிட்டால். அப்படி நினைத்தவுடன் உடம்பெல்லாம் ஒரு சூடு ஓடுகிறது, ஓடி முடிந்ததும் முன்னை விடக் குளிர்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. இப்போது என்னிடம் பாதி இருக்கிறது. கேட்டால் முழுசாகவும் கிடைக்கலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். பாதியை வைத்து நான் எப்படியோ இருந்துகொள்கிறேன்.

ஆறாவது பாட்டு முடிகிற சமயம் எனக்கே தெரியாமல் நான் எழுந்துவிட்டேன். சொல்லவேண்டிய வரியைச் சொல்லிப் பார்ப்பது எப்போது நின்றது என்று தெரியவில்லை. முன் கேட்டுக்குப் போய்க் கம்பிக்கு நடுவே கையை வெளியே விட்டுச் சங்கிலியைச் சுற்றி, வெளிப்பக்கமாகப் பூட்டைத் தொங்கவிட்டு அமுக்கினேன், ஊருக்குப் போகிறவர்கள் பூட்டுகிற மாதிரி. படியில் கிடந்த இரண்டு ஜோடிச் செருப்பையும் உள்ளே எடுத்தேன். போனை அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். முன் ஜன்னலைச் சாத்தினேன். உள்ளே கை தட்டி ஓய்ந்து ஹால் அமைதியாகிறது, கிழவி தொண்டையைச் சரிசெய்கிற சத்தம். கேட்டுக்கு வெளியே நிற்கிறவருக்கு இது கேட்கும். மீட்டர் பெட்டிக்குப் போய் மெயினை இறக்கினேன்.

என்ன, கரண்டு போச்சா என்றார். ஆமா என்றேன். போய் அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். ஜன்னல் சாத்தினதால் அறை மங்கலாக இருந்தது. இப்பம் பாத்தா போவணும், என்றார், அவ வார நேரம் பாத்து. வந்துரும் என்றேன். எதைச் சொல்லுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கார் ஒன்று வந்து நின்றது, கதவு திறந்து மூடியது. ஆன்ட்டி. சங்கிலி கம்பியில் உரசியது. ஆன்ட்டி, நான் பிரின்சி. நான் அவரைப் பார்க்காமல், பக்கத்து வீட்டுக்கு ஆரோ வந்திருக்காவ என்றேன். பூட்டியிருக்குண்ணா என்று அவள் டிரைவரிடம் சொல்லுகிறாள், போனும் போவல்ல, கொஞ்சம் நின்னு பாப்போம், எனக்கு நாளைக்குப் போவணும், இனி எப்ப வருவேனோ. அந்தக் குரலில் ஒரு சோர்வு இருந்தது. என் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருந்த குரல். அவள் கையில் பை இருக்கும். சட்டை நாலு எட்டுத் தூரத்தில் இருக்கிறது. நான் எழுந்துவிட்டேன். கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது, பூட்டின் சாவி இடுப்பில் உறுத்துகிறது, கையும் அதற்குப் போய்விட்டது.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இரி, என்றார். முகம் சுவரைப் பார்த்திருந்தது. தொறக்காண்டாம். நான் அப்படியே நின்றேன். நல்ல பிள்ள அவ, என்றார், மூச்சு மாதிரித்தான் பேசினார், போவட்டு. அவ போன பொறவு நீ மெயினத் தூக்கிப் போடு. நான் மெயினை இறக்கினேன் என்று அவரிடம் சொல்லவில்லை. வந்திருப்பது யார் என்றும் சொல்லவில்லை. பிரின்சி தட்டினதைச் சுபிலா சொன்ன அந்த போன் வந்த அன்றைக்கு அவர் எங்கே இருந்தார் என்று யோசித்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வீடு சின்ன வீடு. நான் உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவர் கைமேல் என் கையை வைத்தேன். வெளியே அவள் இன்னும் ஒரு தடவை கூப்பிட்டாள், சத்தமாக இல்லை. பிறகு கார்க் கதவு. பின்னால் எடுத்து, திரும்பி, தெரு முனையில் ஹாரன் அடித்துப் போனது. நாங்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. மறுநாள் அவளுடைய விமானம் போயிருக்கும் என்று தெரிகிற வரைக்கும் நான் அந்தப் பூட்டைக் கேட்டின் வெளிப்பக்கத்திலேயே விட்டுவைத்தேன்.